கட்டு மாத்தணும், சிஸ்டரம்மா

மத்தியானம் ரெண்டு மணி. ராத்திரி இல்ல... நல்லா கேட்டுக்கோங்க, பட்டப்பகல் ரெண்டு மணி. மே மாசம். புத்தலப்பட்டுல இருந்து உள்ள போற மண் ரோடு. ரெண்டு பக்கமும் காய் பறிச்சி முடிச்ச வேர்க்கடலக் கொல்ல. ஒரு ஆளு இல்ல. ஒரு ஆடு இல்ல. காத்துகூட இல்ல. ரோடு முடியற எடத்துல ஒரே ஒரு புங்க மரம். அந்த மரத்தடியில ஒரு பொம்பள உக்காந்துக்கினு இருந்தா. கழுத்து வரைக்கும் கம்பளி போத்திக்கினு.

மே மாசத்துல... கம்பளி.

கிட்ட வாங்க எல்லாரும். ஹர்ஷினி, அந்த கிடார ஓரமா வெச்சிட்டு நீயும் வா, நெருப்பு கிட்ட உக்காரு. ஜாபேஸ் போய் நம்ம வண்டிக்கு அறுந்துபோன பெல்ட்டு வாங்கிக்கினு வர எப்பிடியும் ஒரு மணி நேரம் ஆவும். கேரல் பாடிப் பாடி எல்லாருக்கும் தொண்ட கட்டிப்போச்சி. நீங்கதான் கேட்டீங்க, "டெபோரா அக்கா, பேய்க் கத சொல்லு"ன்னு. கேட்டுட்டு பாதியில நிறுத்துன்னு சொல்லக்கூடாது. யார் கையிலயாச்சும் கேக்கு இருந்தா கீழ வெச்சிடுங்க. இதுல பயத்த விட அருவருப்புதான் ஜாஸ்தி.

சந்திரகிரியில டீச்சரா இருக்கா பாருங்க கல்பனா, என் கூட படிச்சவ. அவளோட பெரிய நாத்தனாருக்கு நடந்தது இது. பேரு பிரேமலதா. நர்ஸு. நாப்பது வயசு இருக்கும். பொய் பேசற ஆளு இல்ல. அவங்களே கல்பனா வீட்டுல உக்காந்து எனக்கு சொன்னது.

அவங்க வேல செஞ்ச ஆஸ்பத்திரி, திருப்பதிக்கும் சித்தூருக்கும் நடுவுல இருக்குது. பேரு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். அது யாரோட சொத்தும் இல்ல. அந்தக் காலத்துல நாப்பது ஊரு சேந்து கட்டனது. வீட்டுக்கு ஒரு ஆளு போய் கல்லு சொமந்தாங்க, மண்ணு சொமந்தாங்க. லாபத்துக்கு நடத்தக் கூடாதுன்னு எழுதி வெச்சிட்டு, ஊருக்கு ஒருத்தர்னு கமிட்டி போட்டாங்க. ரொம்ப வருஷம் ஒழுங்காத்தான் நடந்துச்சி. பிரசவம், பாம்புக்கடி, கொழந்தைங்களுக்கு வாந்தி பேதி... எந்நேரம் போனாலும் வெளக்கு எரியும், ஒரு நர்ஸு இருப்பாங்க.

அப்பால பிளாட்டு போட்டு பிளாட்டு போட்டு, திருப்பதியே அது பக்கத்துல வந்துடுச்சி. சுத்தி புது வீடு, புது காலனி. கொரோனா முடிஞ்சப்புறம் கமிட்டியும் மாறிப்போச்சி. கிருபானந்தம்னு ஒருத்தரு செகரட்டரியா வந்தாரு. நம்ம சர்ச்சு ஆளுதான். ஞாயித்துக்கெழம முன் பெஞ்சுல உக்காருவாரு. மூஞ்சியில எந்நேரமும் ஒரு சிரிப்பு, எண்ண தடவி வெச்ச மாதிரி. பக்கத்துல வர்ற தனியார் ஆஸ்பத்திரிங்கள விட நம்மளது பெருசுன்னு காட்டணும் அவருக்கு. ஒரு வருஷத்துல ஆயிரம் ஆப்பரேஷன்... கேட்டு மேலயே பேனர் கட்டிட்டாரு.

ஆயிரத்துக்கு எங்க போறது? ஊரு ஊரா போய், வெள்ளப்படுது, இடுப்பு வலிக்குதுன்னு சொல்ற பொம்பளைங்கள எல்லாம் புடிச்சிக்கினு வந்தாங்க. கர்ப்பப்பைய எடுக்கலன்னா கேன்சர் வரும்னு பயமுறுத்துனாங்க. முப்பத்தஞ்சு வயசு, முப்பத்தெட்டு வயசு பொம்பளைங்க. சனிக்கெழம சனிக்கெழம வெளியில இருந்து ஒரு டாக்டரு வருவாரு. ஒரே நாள்ல பன்னெண்டு, பதினாலு. ஒருத்திய எறக்கின டேபுளு ஈரம் காயறதுக்குள்ள அடுத்தவள ஏத்துவாங்க. ஆப்பரேஷன் தேட்டருக்கு வெளிய பக்கெட்டு நெறைய... வேணாம், அத விட்டுடறேன்.

சனிக்கெழம பிரேமலதா தேட்டர்ல டாக்டருக்கு சாமான் எடுத்துக் குடுக்கற நர்ஸு. புதன்கெழம ஆஸ்பத்திரி வண்டியில ஊர் ரவுண்டு. பிரஷர் பாக்கறது, மாத்திர குடுக்கறது, புண்ணு இருந்தா கட்டு மாத்தறது. டிரைவரு பாலையா. அவருக்கு அம்பத்தஞ்சு வயசு, அதே ஆஸ்பத்திரியில இருவது வருஷமா ஓட்டறாரு. பிரேமலதா அவர அண்ணான்னுதான் கூப்புடுவாங்க.

சரி. அந்தப் புங்க மரம்.

வழக்கமா அங்க பத்து பேராச்சும் நிப்பாங்க. அன்னைக்கு அந்தக் கம்பளிக்காரி ஒண்டிதான். வண்டி நின்னுச்சி. பிரேமலதா பொட்டியத் தூக்கிக்கினு எறங்குனாங்க. ரெண்டு தப்படி வெச்சதும் நாத்தம் வந்து மூஞ்சில அறஞ்சுதாம். செத்த எலி நாத்தம் இல்ல. ஈரத் துணிய பிளாஸ்டிக் கவர்ல கட்டி, பத்து நாளு வெயில்ல வெச்சி, அப்பால அவுத்தா எப்பிடி இருக்கும்... அந்த மாதிரி. அதுல கொஞ்சம் தித்திப்பு. அந்த தித்திப்புதான் தாங்க முடியலன்னு சொன்னாங்க.

"கட்டு மாத்தணும், சிஸ்டரம்மா."

அவ்ளோதான் சொன்னா அந்தப் பொம்பள. கம்பளிய வெலக்கி, பொடவைய எறக்கிக் காட்டுனா. தொப்புளுக்குக் கீழ கட்டு. சீழு ஊறி மஞ்சளா, பச்சையா, ஓரத்துல காஞ்சி அப்பளமா நின்னுச்சி.

நர்ஸு இல்லையா, மூக்க மூடல. கிளவுஸ் மாட்டிக்கினு கட்ட அவுத்தாங்க. மூணு தையல் பிரிஞ்சி வாயத் தொறந்துக்கினு இருந்துச்சி. சலைன் ஊத்திக் கழுவனாங்க. வயித்துல கை பட்டப்ப ஜில்லுன்னு இருந்துச்சாம். அந்த வெயில்ல, பானத் தண்ணி மாதிரி. காய்ச்சல் விட்டு வேர்த்திருக்குதுன்னு நெனச்சிக்கினாங்க.

"எங்கம்மா ஆப்பரேஷன் பண்ணிக்கினீங்க?"

"உங்க எடத்துலதான்."

"புண்ணு இப்பிடி இருக்குதே, உடனே ஆஸ்பத்திரிக்கு வர்றதில்லையா?"

"வந்தேன். நாலு வாட்டி வந்தேன்."

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"வயித்துல கேஸ்ஸுன்னாரு. சோடா குடிக்கச் சொன்னாரு."

பிரேமலதா நோட்டுல எழுதறதுக்கு பேரு கேட்டாங்க. சென்னம்மா. வீட்டுக்காரரு பேரு கங்கையா. வயசு முப்பத்தெட்டு. புதுக் கட்டு போட்டுட்டு, வண்டியில ஏறுங்க, கூட்டிக்கினு போறேன்னு சொன்னாங்க. அவ தலைய ஆட்டிட்டா.

"அங்க வர மாட்டேன். நீயே வா."

ரெண்டாவது புதன்கெழம. அதே மரம், அதே கம்பளி. மத்த ஊரு சனம் ஒருத்தரும் இல்ல. போன வாரம் போட்ட கட்டு அப்பிடியே இருந்துச்சி, ஆனா கருப்பா. தார் ஊத்தன மாதிரி. அவுத்தப்போ சளக்குன்னு ஒரு சத்தம்... தோலும் சேந்து வந்துடுச்சாம். உள்ள அரிசி கொட்டி வெச்ச மாதிரி இருந்துச்சி.

அந்த அரிசி நெளிஞ்சிக்கினு இருந்துச்சி.

சொன்னேன்ல, கேக்க கீழ வெக்கச் சொல்லி!

பிரேமலதா இடுக்கியால ஒண்ணொண்ணா எடுத்து தட்டுல போட்டாங்க. தட்டுல விழற சத்தம் கேட்டுச்சாம், டொக்கு... டொக்கு... அவ்ளோ அமைதி. சென்னம்மா முணுக்குன்னு ஒரு சத்தம் போடல. கட்டு போட்டு முடிக்கற வரைக்கும் இவங்க மூஞ்சியையே பாத்துக்கினு இருந்தாளாம். அவ கண்ணுல கோவம் கெடையாது. நம்ம கூட்டத்துல தெரிஞ்ச மூஞ்சியத் தேடுவோம்ல, அந்த மாதிரி.

இன்னா ஹர்ஷினி? டிரைவருக்குத் தெரிஞ்சிதான்னு கேக்கறியா? தெரிஞ்சிது. பாலையா இருவது அடி தள்ளி வண்டியில உக்காந்து புளிச்சோறு துன்னுக்கினு இருந்தாரு. நாத்தம் தாங்காம டப்பாவ மூடி, மிச்சத்த ரோட்டோரம் கொட்டிட்டாரு. கொட்டன சோத்துக்கு ஒரு காக்கா வரலையாம்.

அன்னைக்கு சாயங்காலம் பிரேமலதா டியூட்டி டாக்டர் கிட்ட போய் சொன்னாங்க, நம்ம ஆப்பரேஷன் கேஸு ஒண்ணு கிராமத்துல அழுகிப்போயிக்கினு இருக்குது, ஆம்புலன்ஸ் அனுப்பணும்னு. அந்த டாக்டர் சின்னப் பையன். பயந்துக்கினு செகரட்டரிக்கு போன் போட்டான். கிருபானந்தம் போன்லயே சிரிச்சாராம். "ஏமிலேதுப்பா, ஒண்ணும் இல்ல. கிராமத்துப் பொம்பளைங்க சாணியில கைய வெச்சிட்டு புண்ணுலயும் வெக்குதுங்க. அது நம்ம கேஸு இல்லன்னு எழுதிடு."

மூணாவது புதன்கெழம.

அன்னைக்கு கட்டே இல்ல. பொடவைய எறக்கனதும் வயிறு மொத்தமும் தெரிஞ்சிது. பிரேமலதா வயித்த முழுசா தொடச்சாங்க. தொப்புளுக்கு எடப்பக்கம் வட்டமா ஒரு தழும்பு. கொழந்தையில மாந்தம்னு சூடு போடுவாங்க பாருங்க, அது. கட்டும் சீழும் மூடி இருந்ததால ரெண்டு வாரமா கண்ணுல படல.

அதப் பாத்ததும் இவங்க கை நின்னுடுச்சி.

தேட்டர்ல நர்ஸுங்களுக்கு மூஞ்சி தெரியாது. தல பக்கம் துணி கட்டி மறச்சிடுவாங்க. பச்சத் துணிக்கு நடுவுல சதுரமா வயிறு மட்டும்தான் தெரியும். இவங்களுக்கு சென்னம்மா மூஞ்சி தெரியாது. இந்த வயிறு தெரியும்.

பிப்ரவரி மாசம், சனிக்கெழம, அன்னைக்கு ஒம்பதாவது ஆப்பரேஷன். வயித்தக் கிழிச்சா ரத்தத்த ஒத்தி எடுக்க உள்ள துணி வெப்பாங்க, மாப்புன்னு சொல்லுவாங்க. பெரிய கைக்குட்ட அளவு இருக்கும், மூலையில நீல நாடா தெச்சிருக்கும். பத்து உள்ள போனா, தைக்கறதுக்கு முன்ன பத்தும் வெளிய வரணும். எண்ணி சரின்னு எழுதறது பிரேமலதா வேல. அன்னைக்கு எண்ணுனாங்க. ஒம்பது.

"சார், ஒண்ணு கொறையுது."

"கீழ எங்கயாச்சும் விழுந்திருக்கும், தேடும்மா."

டேபுளுக்குக் கீழ தேடுனாங்க. பக்கெட்டுல, அந்தக் கழிவுக்குள்ள முழங்கை வரைக்கும் கைய வுட்டுத் தேடுனாங்க. இல்ல. நிமிந்து பாக்கறதுக்குள்ள டாக்டரு தச்சிக்கினு இருந்தாரு. சார், ஒரு வாட்டி உள்ள பாருங்கன்னு கெஞ்சுனாங்க. "வெளிய இன்னும் அஞ்சு பேரு படுத்துக்கினு இருக்காங்க. நான் நாலு மணிக்கு கெளம்பணும். பத்துன்னு எழுது." பிரேமலதா எழுதுனாங்க. பத்து. கீழ கையெழுத்து.

எழுதிட்டு வீட்டுக்குப் போய், அன்னைக்கு ராத்திரி மீன்கொழம்பு வெச்சி துன்னேன்டி டெபோரான்னு என் கிட்ட சொல்லி அழுதாங்க.

இப்ப அந்த வயிறு முன்னாடி இருக்குது. பிரிஞ்ச புண்ணுக்குள்ள, சீழுக்கு நடுவுல ஒரு நாடா தெரியுது. நீல நாடா.

இடுக்கியால புடிச்சாங்க. இழுத்தாங்க. வந்துச்சி. மெதுவா, நொச நொசன்னு சத்தத்தோட வந்துச்சி. வந்துக்கினே இருந்துச்சி. நாத்தம் கண்ண எரிச்சிது. முழுசா வெளிய வந்தப்ப சோத்த அரச்சி துணியில பூசன மாதிரி கொழகொழன்னு, நூலும் சதையுமா... ஒரு கையளவு. பிரேமலதா அத தட்டுல போட்டுட்டு, அங்கயே மரத்துல சாஞ்சிக்கினு வாந்தி எடுத்தாங்க.

அப்பதான் சென்னம்மா மொத தடவையா சிரிச்சாளாம்.

"எண்ணிக்கோ, சிஸ்டரம்மா."

சொல்லிட்டு எழுந்தா. கம்பளிய இழுத்துப் போத்திக்கினா. கடலக் கொல்லையில எறங்கி நடந்தா. பாலையாவும் பாத்தாரு, முதுகு மட்டும் தெரிஞ்சிதாம். மரத்தடியில மொய்ச்சிக்கினு இருந்த ஈ அத்தனையும்... ஒண்ணு பாக்கி இல்லாம... ஒரு மேகம் மாதிரி எழுந்து அவ பின்னாடியே போச்சாம்.

தட்டுல இருந்தத மட்டும் ஒரு ஈயும் தொடல.

பிரேமலதா வாயத் தொடச்சிக்கினு, அந்த மாப்ப ஆஸ்பத்திரி மஞ்சக் கவர்ல போட்டுக் கட்டுனாங்க. பாலையா சொன்னாரு, "வேணாம்மா, இங்கயே பொதச்சிட்டுப் போயிடலாம்." இவங்க கேக்கல. கொல்லைக்கு அந்தப் பக்கம் பத்துப் பன்னெண்டு வீடு. வண்டிய அங்க வுடச் சொன்னாங்க. சென்னம்மாவ எப்பிடியாச்சும் பெரிய ஆஸ்பத்திரியில சேத்துடணும், அவ வீட்டுக்காரர் கிட்ட உண்மைய சொல்லிடணும்... அதுதான் மனசுல.

கங்கையா எருமைக்கு தண்ணி காட்டிக்கினு இருந்தாரு. ஒல்லியா, தலையில துண்டு.

"சென்னம்மா வீட்டுக்கு வந்துட்டாங்களா?"

அந்த ஆளு பக்கெட்ட கீழ வெச்சாரு.

"யாரு கேக்கறது?"

"ஆஸ்பத்திரி நர்ஸு. கட்டு மாத்த வந்தேன்."

"மார்ச் மாசமே பொதச்சிட்டனேம்மா."

பிரேமலதா அங்கயே மண்ணுல உக்காந்துட்டாங்க.

அவரு நின்ன எடத்துலயே நின்னுக்கினு சொன்னாரு. ஆப்பரேஷன் முடிஞ்சி பத்து நாள்ல வயிறு வீங்கிப்போச்சி. இட்டுக்கினு போனோம். கேஸ்ஸுன்னாங்க. திரும்ப இட்டுக்கினு போனோம். நாலாவது வாட்டி போனப்ப நாத்தம் வந்துடுச்சி. மத்த பேஷண்டுங்க மூஞ்சி சுளிக்கறாங்கன்னு வார்டுல படுக்க வுடல. பின்னால வண்டி நிறுத்தற ஷெட்டுல, ஆயில் தரையில பாய் போட்டுக் குடுத்தாங்க. ரெண்டு நாளு அங்கயே கெடந்தா. யாரும் கட்ட அவுக்கல. மூணாவது நாளு நானே ஆட்டோவுல போட்டுக்கினு திருப்பதிக்கு கெளம்பனேன். சந்திரகிரி தாண்டல.

பிரேமலதா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. மூணு வாரமா அவ வந்தது, கட்டு மாத்தனது, கவர்ல இருக்கறது. பிப்ரவரியில ஒம்பது எண்ணிட்டு பத்துன்னு எழுதனது... அதையும் சொல்லிட்டாங்க. அடிப்பாருன்னு நெனச்சாங்களாம். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்னாங்க.

கங்கையா அடிக்கல. ஒண்ணுதான் கேட்டாரு.

"அவ கம்பளி போத்திக்கினு இருந்தாளா?"

"ஆமா."

"கடைசியில ரொம்ப குளுருதுன்னா. அதோடதான் பொதச்சேன்."

அப்பால சொன்னாரு, "உசுரோட இருக்கசொல்ல அவள தொட ஒரு கை இல்ல. செத்ததுக்கு அப்பறம் புண்ணு கழுவ வந்துட்டீங்க. என் வாசல்ல இருந்து எழுந்து போம்மா."

அந்த ஞாயித்துக்கெழம ஆஸ்பத்திரியில வருஷாந்திரக் கூட்டம். நாப்பது ஊரு கமிட்டி ஆளுங்க, சனிக்கெழம டாக்டரு, எல்லாரும் இருந்தாங்க. ஆயிரம் ஆப்பரேஷன் முடிஞ்சிடுச்சின்னு சால்வ போத்திக்கினாங்க. ஜெபம் பண்ணாங்க. அப்பறம் ஷாமியானா போட்டு பிரியாணி. எல்லாரும் எலை முன்னாடி உக்காந்தப்புறம் பிரேமலதா உள்ள போனாங்க. நாலு நாளா வீட்டுக்கு வெளிய வேப்ப மரத்துல தொங்க வுட்டிருந்த மஞ்சக் கவர எடுத்துக்கினு போய், கிருபானந்தம் எலைக்கு எதுக்க டேபுள் மேல வெச்சி அவுத்தாங்க.

அந்த நாத்தம் ஷாமியானா முழுக்க பரவிடுச்சி. கொழந்தைங்க அழுதுதுங்க. ரெண்டு மூணு பேரு அங்கயே கக்கிட்டாங்க.

"இன்னாம்மா இது, சாப்புட்ற எடத்துல?"

"சென்னம்மா வயித்துல நம்ம வெச்சித் தச்சது."

"அந்தம்மா எப்ப செத்தாங்க?"

"மார்ச்சுல."

"இத எப்ப எடுத்த?"

"புதன்கெழம."

கிருபானந்தம் சுத்திப் பாத்து சிரிச்சாரு. கூட உக்காந்தவங்களும் சிரிச்சாங்க. சிரிக்காதது டாக்டரு ஒருத்தருதான். அந்த நீல நாடாவப் பாத்துட்டு, மூஞ்சி வெளுத்து, கை கூட கழுவாம கார்ல ஏறிப் போயிட்டாரு. மத்தவங்க இன்னா பண்ணாங்க தெரியுமா? அதான் எனக்கு மறக்க மாட்டேங்குது. சீக்குக்காரங்களப் பாத்த மாதிரி மூஞ்ச திருப்பிக்கினு... எலைய நாலு அடி தள்ளி வெச்சிக்கினு... மிச்சத்த துன்னாங்க. ஒருத்தரு இன்னொரு பீஸு கேட்டாராம்.

ஒரு ஆயம்மாவ வுட்டு அத எடுத்துக்கினு போய் எரிக்கச் சொன்னாங்க. அப்பறம் செகரட்டரி ஃபைல எடுத்துக்கினு வந்து எல்லார் முன்னாடியும் படிச்சாரு. "பத்து உள்ள, பத்து வெளிய. கையெழுத்து யாருது?"

பிரேமலதா சொன்னாங்க, "என்னுது. நான் பொய் எழுதனேன்."

அதையே போலீஸ்லயும் எழுதிக் குடுத்தாங்க. கடைசியில நடந்தது இன்னான்னா, இனிமே நர்ஸா இருக்கக் கூடாதுன்னு ரிஜிஸ்டர்ல இவங்க பேர மட்டும் அடிச்சிட்டாங்க. டாக்டரு வேற எங்கயோ ஆப்பரேஷன் பண்ணிக்கினுதான் இருக்காரு. கேஸு சித்தூர் கோர்ட்டுல வாய்தா வாய்தாவா போயிக்கினு இருக்குது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பிரேமலதாவும் கங்கையாவும் ஒரே பஸ்ஸுல போறாங்க. அவரு முன்னால உக்காருவாரு, இவங்க பின்னால. இது வரைக்கும் ஒரு வார்த்த பேசிக்கல. ஆனா போன வாய்தாவுக்கு மழ. அவரு எறங்கி கொடைய விரிச்சிட்டு, இவங்க எறங்கற வரைக்கும் படிக்கட்டு கிட்டயே புடிச்சிக்கினு நின்னாராம்.

கிருபானந்தம் இப்பவும் முன் பெஞ்சுலதான் உக்காருவாரு. வெளிய வந்தா ஸ்தோத்திரம் சொல்லி கை நீட்டுவாரு. நீங்கல்லாம் குடுக்கறீங்க. நான் ஏன் குடுக்கறதில்லன்னு போன மாசம் கேட்டீங்களே.

கத முடியல, இருங்க.

ஜூன் மாசம். பிரேமலதா எடத்துக்கு பிரியங்கான்னு ஒரு பொண்ணு வந்தா. இருவத்திரெண்டு வயசு, அப்பதான் படிச்சி முடிச்சவ, சித்தூர்ல இருந்து. அவளுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது, யாரும் சொல்லல. புங்க மரத்து ரூட்டே வேணாம்னு பாலையா கெஞ்சிக் கூத்தாடி மாத்திக்கினாரு. புதன்கெழமைய வுட்டுட்டு வெள்ளிக்கெழம, பிச்சாட்டூர் பக்கம். முன்ன ஆஸ்பத்திரி வண்டி அந்தப் பக்கம் போனதே இல்ல. ஆப்பரேஷன் கேம்ப்புக்கு பொம்பளைங்கள கூட்டிக்கினு வர்ற பஸ்ஸு மட்டும்தான் போகும்.

மொத வெள்ளிக்கெழம. மத்தியானம். ஏரிக்கரை மேல வண்டி ஏறுச்சி. வெயிலு சுள்ளுன்னு அடிக்குது, தண்ணி தகதகன்னு கண்ண கூசுது. பிரியங்கா கண்ணாடி வழியா எட்டிப் பாத்து சந்தோஷமா சொன்னா, "அண்ணா, இன்னைக்கு செம கூட்டம்."

பாலையா பிரேக்குல கால வெச்சாரு.

கரை நெடுக, கண்ணுக்கு எட்டற வரைக்கும், வரிசையா பொம்பளைங்க. ஆம்பள ஒருத்தன் இல்ல. கொழந்த ஒண்ணு இல்ல. ஒருத்தியும் ஒருத்தி கூட பேசல. கம்பளி, போர்வ, பொடவ, பாயி... கெடச்சத எல்லாம் கழுத்து வரைக்கும் போத்திக்கினு, தண்ணியப் பாத்து உக்காந்திருந்தாங்க.

பாலையா ரிவர்ஸ் போடறதுக்குள்ள, பிரியங்கா கிளவுஸ மாட்டிக்கினு கதவத் தொறந்து குதிச்சிட்டா.

கதவு சத்தம் கேட்டு அத்தன பேரும்... ஒரே நேரத்துல... வயித்த புடிச்சிக்கினு எழுந்தாங்களாம்.